ஸ்டோர் கீப்பர் நோட்டுல இருக்கு உங்க பிஎச்டி

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயசு 32. எம்பிஏ முடிச்சிட்டு 9 வருஷமா கோவையில ஈஆர்பி (கம்பெனியோட ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் ஒண்ணா பார்த்துக்கற சாஃப்ட்வேர்) போட்டுக் குடுக்கற கம்பெனியில கன்சல்டன்ட்டா இருக்கேன். பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, ஸ்பின்னிங் மில்னு ஒரு முப்பது இடத்துல கோ-லைவ் (புது சாஃப்ட்வேரை ஓட விடற நாள்) பார்த்தாச்சு. டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்ல பிஎச்டி பண்ணிட்டு காலேஜ் பக்கம் போயிடணும்னு ஆசை. வொய்ஃப் வேலைக்கு போறாங்க, பையன் யூகேஜி. தெரிஞ்ச கைடு ஒருத்தர் "சிறு குறு தொழில்களில் டிஜிட்டல் மாற்றத்தின் தாக்கம், கோவை மாவட்டத்தை முன்வைத்து"ன்னு தலைப்பும் குடுத்து பார்ட் டைம்ல சேரச் சொல்றார். நான் முடிக்கறதுக்குள்ள இந்த சப்ஜெக்டே பழசாயிடுமோ, ஏஐ வந்து எல்லாத்தையும் தூக்கிட்டு போயிடுமோன்னு பயமா இருக்கு. உண்மையைச் சொன்னா எங்க வேலை மேலயே நம்பிக்கை போச்சு சார், இவ்ளோ செலவு பண்ணி சாஃப்ட்வேர் போட்டாலும் ஸ்டோர் கீப்பர் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சுட்டு சாயங்காலம் மொத்தமா என்ட்ரி போடறார், ஓனர் அதை லைவ் டேட்டான்னு நம்பிட்டு இருக்கார். வேலையை விடலாமா? - கோவை வாசகர்

பதில்:

தம்பி, உங்க லெட்டர்ல தலைப்பு, வயசு, பயம் எல்லாத்தையும் விட எனக்கு கண்ணுல பட்டது கடைசியில போற போக்குல புலம்பிட்டு போனீங்களே, அந்த ஸ்டோர் கீப்பர்தான். அவரை எழுதணும்னு நினைச்சு எழுதல நீங்க, வாய் தவறி வந்துருச்சு. நான் ஒரு பிசினஸ் ஸ்கூல்ல இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எடுத்து பதினெட்டு வருஷம் ஆச்சு, பிஎச்டி இன்டர்வியூ போர்டுல உட்கார்றப்போ ஒவ்வொருத்தர் ப்ரொபோசலும் பார்க்கறேன், அதுல முக்கால்வாசி பேர் தலைப்பைத்தான் கொண்டு வர்றாங்க, கேள்வி எதுவும் கையில இருக்காது. உங்ககிட்ட கேள்வி இருக்கு, அது கேள்வின்னுதான் உங்களுக்கு தெரியல.

முதல்ல அந்த பழசாகுற பயத்தை முடிச்சிடுவோம். பேரு கண்டிப்பா பழசாகும், அதுல சந்தேகமே வேண்டாம். எங்க துறையில இதே விஷயத்துக்கு டேட்டா ப்ராசசிங்னு பேரு இருந்துச்சு, அப்புறம் எம்ஐஎஸ், 1990கள்ல ரீ-இன்ஜினியரிங், 2000 வாக்குல ஈ-பிசினஸ், இப்போ டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன், நாளைக்கு ஏஐயை முன்னாடி ஒட்டி ஏதாவது சொல்லுவாங்க. ஆனா கேள்வி ஒரே கேள்விதான். 1987ல ராபர்ட் சோலோன்னு நோபல் வாங்கப் போற பொருளாதாரக்காரர் ஒரு வரி எழுதினார், கம்ப்யூட்டர் யுகம் எங்க பார்த்தாலும் தெரியுது, உற்பத்தித்திறன் கணக்குல மட்டும் தெரிய மாட்டேங்குதுன்னு. (அதே வருஷம் அவருக்கு நோபல் வந்துச்சு, இந்த வரிக்காக இல்ல.) நீங்க சொல்ற ஸ்டோர் கீப்பர் கதையும் அதேதானே, காசு போட்டாச்சு, பலன் எங்க?

இதுக்கு 1990ல பால் டேவிட்னு ஒரு பொருளாதார வரலாற்றுக்காரர் குடுத்த பதில் எனக்கு ரொம்ப பிடிக்கும். அவர் கரண்ட்டை பார்த்தார். எடிசன் 1882லயே பவர் ஸ்டேஷன் போட்டுட்டார், ஆனா அமெரிக்க ஃபேக்டரிங்கள்ல அதோட பலன் பெருசா தெரிஞ்சது 1920கள்ல, அதாவது கிட்டத்தட்ட நாப்பது வருஷம். ஏன்னா முதல்ல எல்லாரும் ஸ்டீம் இன்ஜினை கழட்டிட்டு அதே இடத்துல ஒரு பெரிய மோட்டாரை வச்சாங்க, மேல ஓடுற அதே நீள ஷாஃப்ட், அதே பெல்ட்டு, அதே மாடிக் கட்டடம். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வச்சு, ஷெட்டை தரை மட்டத்துல பரப்பி, சரக்கு போற வழிக்கு ஏத்த மாதிரி மெஷினை மாத்திப் போட்டப்பதான் லாபம் வந்துச்சு. பைக்காரா கரண்ட் 1932ல வந்து மில்லுங்க பெருகின ஊர்க்காரர் நீங்க, உங்களுக்கு ஷாஃப்ட்டும் பெல்ட்டும் நான் சொல்லித் தர வேண்டியதில்ல. நோட்டை அப்படியே வச்சுக்கிட்டு பக்கத்துல ஈஆர்பி போடறது, ஸ்டீம் இன்ஜின் இருந்த இடத்துல மோட்டார் வச்ச கதைதான். ஏஐ வந்தாலும் இந்த சிக்கல் எங்கேயும் போகாது, சொல்லப்போனா ஜாஸ்திதான் ஆகும், சாயங்காலம் அஞ்சரைக்கு மொத்தமா போட்ட என்ட்ரிய வச்சு ஏஐ காலையில ஃபோர்காஸ்ட் பண்ணா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

இப்போ அந்த கைடு குடுத்த தலைப்பு. கோவிச்சுக்காதீங்க, அந்த மாதிரி தலைப்புல நம்ம யுனிவர்சிட்டி லைப்ரரிங்கள்ல அலமாரி அலமாரியா தீசிஸ் இருக்கு, தலைப்புல மாவட்டம் பேரை மட்டும் மாத்தினா போதும். அஞ்சு கட்டத்துல டிக் போடற ஃபார்ம், 300 பேர், பர்சன்டேஜ் அனாலிசிஸ், கை ஸ்கொயர் டெஸ்ட், கொஞ்சம் மாடர்னா இருந்தா ஸ்மார்ட் பிஎல்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல அம்புக்குறி போட்ட படம், முடிவுல அரசாங்கம் பயிற்சி முகாம் நடத்தணும்னு ஒரு பரிந்துரை. சர்வேயே தப்புன்னு நான் சொல்லல, நல்ல சர்வே நிறைய இருக்கு. உங்க கேள்விக்கு அது ஒத்து வராதுன்னுதான் சொல்றேன். "உங்க கம்பெனியில ஸ்டாக் என்ட்ரி உடனுக்குடன் நடக்குதா"ன்னு ஓனர்கிட்ட ஃபார்ம் குடுத்தா அவர் என்ன டிக் போடுவார்? முழுசா ஒத்துக்கறேன்னு போடுவார். பொய் சொல்றதுக்கு இல்ல, அவருக்கு அப்படித்தான் தெரியும். நீங்க ஆறு வருஷம் உழைச்சு ஓனரோட நம்பிக்கையை டேபிள் போட்டு சப்மிட் பண்ணுவீங்க.

நான் இதை கெத்துல சொல்லல, அடிபட்டுத்தான் சொல்றேன். என் பிஎச்டியில நெட் பேங்கிங்கை மக்கள் ஏன் ஏத்துக்கறாங்கன்னு ஃப்ரெட் டேவிஸ் 1989ல போட்ட டெக்னாலஜி அக்செப்டன்ஸ் மாடலை வச்சு 400 ஃபார்ம் அடிச்சேன், கலெக்ட் பண்ண ஆள் வச்சேன், டேட்டா உள்ள போடறப்போ பார்த்தா நூத்துக்கும் மேல ஃபார்ம் ஒரே பேனா, ஒரே சாய்வு டிக், ஹாஸ்டல்ல ஒரே ராத்திரியில உட்கார்ந்து ஃபில் பண்ணிருக்காங்க பசங்க. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு திரும்ப ஏழு மாசம் அலைஞ்சேன். அப்போ பேங்க் வாசல்ல காத்துக்கிட்டு நின்னு பார்த்ததுல, பென்ஷன் வாங்கற பெரியவங்க நெட் பேங்கிங் பாஸ்வேர்டை பேங்க் க்ளார்க்கிட்டயே குடுத்து அவரையே பண்ணச் சொல்றதை பார்த்தேன். அது என் மாடல்ல எந்தக் கட்டத்துலயும் அடங்கல, அதனால விட்டுட்டேன். இன்னிக்கு நினைச்சா வயிறு எரியுது, அதுதான் அந்த தீசிஸ்லயே உருப்படியான விஷயமா இருந்திருக்கும்.

சரி, ஸ்டோர் கீப்பருக்கு வருவோம். அவர் ஏன் நோட்டு வச்சிருக்கார்னு நீங்க நினைக்கறீங்க? உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "யூசர் ரெசிஸ்டன்ஸ், கூடுதல் ட்ரெயினிங் தேவை"ன்னு எழுதியிருப்பீங்க, நானும் எழுதியிருக்கேன். ஆனா கொஞ்சம் நின்னு பாருங்க. ராத்திரி ஷிஃப்ட்ல பேரிங் போயிடுச்சுன்னு ஃபிட்டர் ஓடி வர்றான், இன்டென்ட் (சரக்கு கேட்டு எழுதற சீட்டு) இல்ல, சூப்பர்வைசர் தூங்கறார், சிஸ்டம் இன்டென்ட் இல்லாம இஷ்யூ பண்ண விடாது, நோட்டு விடும். ஜாப் ஒர்க் போன காஸ்டிங் 200ல 188தான் திரும்பி வந்திருக்கு, மீதி பன்னெண்டு நாளைக்கு வரும்னு டெலிவரி சலான்ல பென்சில்ல எழுதி அனுப்பிருக்காங்க, சிஸ்டத்துல பென்சில் கிடையாது. நெகட்டிவ் ஸ்டாக் காட்டினா சிஸ்டம் சிவப்பாகும், ஓனர் போன் பண்ணி கத்துவார், அதனால சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து வரவு செலவு எல்லாம் நேர் பண்ணி சுத்தமா போடறார். எல்லாத்துக்கும் மேல, சிஸ்டத்துல போட்டா அவர் பேரும் மணியும் பதிஞ்சிடும், நாளைக்கு ஸ்டாக் குறைஞ்சா கேள்வி அவர்கிட்டதான் வரும், நோட்டு அவரோட சாட்சி. நான் சொல்றது எல்லாம் சரின்னு இல்ல, உங்க ஆளுக்கு வேற காரணம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கறதுக்குப் பேருதான் தம்பி ஆராய்ச்சி.

இந்த ரூட்ல போன ஆராய்ச்சி ஒண்ணு சொல்றேன், கம்ப்யூட்டர் சம்பந்தமே இல்ல, ஆனா உங்க கதையேதான். பாகிஸ்தான்ல சியால்கோட், ஃபுட்பால் தைக்கற ஊரு, நம்ம திருப்பூருக்கு பனியன் மாதிரி. டேவிட் ஆட்கின், எரிக் வெர்ஹூகன் இன்னும் மூணு பேர் சேர்ந்து ரெக்சின் ஷீட்டை அஞ்சு கோண பீஸா வெட்டறதுக்கு ஒரு புது டை (வெட்டற அச்சு) டிசைன் பண்ணாங்க, அதுல வெட்டினா ஷீட் வேஸ்ட் குறையும். சில கம்பெனிங்களுக்கு அதை சும்மாவே குடுத்தாங்க. ஒரு வருஷம் தாண்டியும் வாங்கி யூஸ் பண்ணவங்க ரொம்ப கம்மி. ஏன்னு தோண்டினா, வெட்டறவருக்கு பீஸ் ரேட் கூலி, புது டை பழகற வரைக்கும் அவர் வேகம் குறையும், அவருக்கு நஷ்டம், மிச்சமாகுற ரெக்சின் காசு ஓனருக்கு. அதனால அவர் ஓனர்கிட்ட "இது சரிவராதுங்க"ன்னு சொல்லிட்டார், ஓனரும் நம்பிட்டார். அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, புது டைல வெட்டிக் காட்டற கட்டருக்கு கிட்டத்தட்ட ஒரு மாச சம்பளம் இனாமா தர்றோம்னு சில கம்பெனிங்கள்ல மட்டும் சொன்னாங்க, அங்க புது டை யூஸ் பண்றவங்க கூடிட்டாங்க. 2017ல பேப்பர் வந்துச்சு, உலகத்துலயே பெரிய பொருளாதார ஜர்னல்கள்ல ஒண்ணுல. யோசிச்சு பாருங்க, அந்த மொத்த பேப்பரும் ஒரு கட்டர் ஏன் தலையாட்டலங்கற கேள்விதான்.

சின்ன கம்பெனிக்காரங்கதான் இப்படின்னும் நினைச்சிடாதீங்க. ஜெர்மனியில லிடில்னு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி, 2011ல எஸ்ஏபிங்கற ஈஆர்பி சாஃப்ட்வேரை போட ஆரம்பிச்சு 2018ல மூட்டை கட்டிட்டாங்க, சுமார் 50 கோடி யூரோ போச்சுன்னு அங்க பத்திரிகைங்க எழுதுச்சு. அதுல அடிக்கடி சொல்லப்படற காரணம் ஒண்ணு, லிடில் சரக்கை வாங்கின விலையில கணக்கு வைக்கும், எஸ்ஏபியோட ரீடெயில் மாடல் விக்கற விலையில வைக்கும், லிடில் பழக்கத்தை மாத்தாம சாஃப்ட்வேரை மாத்தப் பார்த்தாங்க. நம்ம ஸ்டோர் கீப்பரோட நோட்டு அங்க 50 கோடி யூரோ சைஸ்ல இருந்திருக்கு, அவ்வளவுதான்.

உங்களுக்கு எங்ககிட்டயெல்லாம் இல்லாத ஒரு வசதி இருக்கு, அதைச் சொல்லாம விடக்கூடாது. ஈஆர்பில ஒவ்வொரு என்ட்ரிக்கும் போஸ்டிங் டேட் (கணக்குல காட்டற தேதி) வேற, உள்ள அடிச்ச தேதியும் மணியும் வேற, ரெண்டும் டேபிள்ல தனித்தனியா உட்கார்ந்திருக்கும். ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி, உள்ள அடிச்ச மணி எப்படி பரவியிருக்குன்னு எடுத்தாலே எந்த கம்பெனியில நிஜமாவே நடக்கறப்போ என்ட்ரி போடறாங்க, எங்க அஞ்சரை மணிக்கு குவியுதுன்னு தெரிஞ்சிடும். யார்கிட்டயும் ஃபார்ம் குடுக்க வேண்டாம், யாரும் பொய் டிக் போட முடியாது. அதை வச்சு நாலு கம்பெனியைப் பிடிங்க, ரெண்டு குவியற இடம், ரெண்டு குவியாத இடம், எல்லாத்துலயும் ஒரே சாஃப்ட்வேர். அங்க போய் மாசக்கணக்குல ஸ்டோர்ல உட்காருங்க. ஸ்டீஃபன் பார்லின்னு ஒருத்தர் இப்படித்தான் ரெண்டு ஆஸ்பத்திரியில ஒரே மாதிரி சிடி ஸ்கேனர் வந்தப்போ போய் உட்கார்ந்து பார்த்தார், மெஷின் ஒண்ணு, ஆனா டாக்டருக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவுல யார் சொல்றதை யார் கேக்கறதுங்கறது ரெண்டு இடத்துலயும் வேற வேற மாதிரி போச்சு. 1986ல வந்த பேப்பர், இன்னிக்கும் எங்க ஸ்டூடண்ட்சுக்கு முதல் வாரம் அதைத்தான் குடுக்கறோம்.

ஆனா ஒண்ணு, க்ளையன்ட் டேட்டாவை பென் டிரைவ்ல போட்டுட்டு வந்துடாதீங்க. நீங்க ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டவர். ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி, கம்பெனி பேரு வராதுன்னு உத்தரவாதம், ஸ்டோர் கீப்பர் பேரு அவர் முதலாளிக்கு கூட தெரியாதுன்னு உத்தரவாதம், இது மூணும் இல்லாம ஒரு ரோ கூட தொடக்கூடாது. மூணாவதுதான் ரொம்ப முக்கியம், உங்க தீசிஸால ஒருத்தர் வேலை போச்சுன்னு இருக்கக்கூடாது.

இன்னொரு வழியும் இருக்கு, உங்களுக்கு நம்பர் பிடிக்கும்னா. ஜிஎஸ்டி ஈ-இன்வாய்ஸ் (பில்லை அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்றது) 2020 அக்டோபர் 1ல 500 கோடி டர்ன்ஓவருக்கு மேல இருக்கறவங்களுக்குன்னு ஆரம்பிச்சு படிப்படியா இறங்கி 2023 ஆகஸ்ட் 1ல இருந்து 5 கோடிக்கு வந்து நிக்குது. அரசாங்கமே கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப்பக்கம் கட்டாயம், அந்தப்பக்கம் கட்டாயம் இல்லன்னு பிரிச்சு குடுத்திருக்கு. நாலே முக்கால் கோடிக்காரரும் அஞ்சேகால் கோடிக்காரரும் மத்தபடி ஒரே மாதிரி ஆளுங்கதான், ஒருத்தர் மட்டும் மாற வேண்டி வந்துச்சு. மாறினதால அவருக்கு பேமென்ட் சீக்கிரம் வருதா, கணக்குப்பிள்ளை வேலை குறைஞ்சுதா கூடுச்சா, கோட்டுக்கு கீழயே நிக்கணும்னு யாராவது பில்லை குறைக்கறாங்களா, இதெல்லாம் கேக்கலாம். டேட்டா கிடைக்கறது கஷ்டம், ஆனா உங்க ஆடிட்டர் நண்பர்கள் மூலமா முயற்சி பண்ணிப் பார்க்கலாம்.

இனி காசு, வேலை. இதுல பூசி மெழுகாம சொல்லிடறேன். காலேஜ்ல பாடம் எடுக்கணும்ங்கறதுதான் ஆசைன்னா, யுஜிசி விதிப்படி 2023 ஜூலையில இருந்து அசிஸ்டன்ட் புரொபசருக்கு நெட் (தேசிய அளவு தகுதித் தேர்வு), அது இல்லன்னா செட் (மாநில அளவு தேர்வு) போதும், பிஎச்டி கட்டாயம் இல்ல. ஆறு வருஷம் தவம் பண்ண வேண்டிய அவசியம் இல்ல. ஆனா யுஜிசி ஸ்கேல்ல ஆரம்ப பேசிக் 57,700ன்னு பேப்பர்ல இருக்கறதை நம்பிட்டு செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ் வாசலுக்கு போகாதீங்க, நிறைய இடத்துல அதுல பாதி கூட கிடையாது, அட்மிஷன் சீசன்ல ஆள் பிடிக்கவும் அனுப்புவாங்க. ஆராய்ச்சிதான் ஆசைன்னா ஃபுல் டைம் போங்க, அதுவும் திருச்சி ஐஐஎம், ஐஐடி மெட்ராஸ் மேனேஜ்மென்ட் டிபார்ட்மென்ட் மாதிரி இடம், அங்கெல்லாம் ஃபெல்லோஷிப் உண்டு, கூட படிக்கறவங்க உண்டு, அதுதான் முக்கியம். நெட்ல ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்ங்கற உதவித்தொகை) வாங்கினா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வயசு வரம்பு 30, ஓபிசி நான்-க்ரீமி லேயர்ல வந்தா 35 வரைக்கும், ஸோ உங்களுக்கு இன்னும் சில அட்டெம்ப்ட் இருக்கலாம், ஆனா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு தள்ளாதீங்க. 2024 ஜூன்ல இருந்து நெட் ஸ்கோரை வச்சே பிஎச்டி அட்மிஷனுக்கும் போகலாம்.

பார்ட் டைம் தப்பில்ல, 2022 யுஜிசி விதியிலயே இருக்கு, ஆபீஸ்ல என்ஓசி வாங்கணும், குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு. ஃபெல்லோஷிப் எதிர்பார்க்காதீங்க. நிஜத்துல நான் பார்த்தவரைக்கும் பார்ட் டைம்காரங்க கோர்ஸ் ஒர்க் முடிச்சதும் காணாம போயிடறாங்க, க்ளையன்ட் கோ-லைவ் வந்துட்டா தீசிஸ் ஃபைல் ஆறு மாசம் திறக்காது. உங்க விஷயத்துல மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கு, உங்க வேலையே உங்க ஃபீல்டு. அதனால கைடு நல்லவரா இருந்தா பார்ட் டைமும் ஓடும். நல்லவருன்னா சிரிச்சு பேசறவரு இல்ல, அவர் கடைசி அஞ்சு வருஷத்துல எங்க எழுதியிருக்கார்னு பாருங்க, அவர்கிட்ட முடிச்சவங்க ரெண்டு பேருக்கு போன் போடுங்க, "சார் உங்க ட்ராஃப்டை படிச்சாரா"ன்னு மட்டும் கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கு அந்தப்பக்கம் வர்ற சிரிப்புலயே பதில் தெரிஞ்சிடும்.

பேப்பர் போடறதைப் பத்தியும் ஒரு எச்சரிக்கை. வாட்சப்ல "ஸ்கோபஸ் கேரண்டி, இருபது நாள்ல பப்ளிகேஷன், ஈஎம்ஐ வசதி உண்டு"ன்னு வரும் (ஸ்கோபஸ்னா ஆராய்ச்சி ஜர்னல்களை பட்டியல் போடற டேட்டாபேஸ்), ஆரம்பத்துல ஒருதடவை நானும் பதினஞ்சாயிரம் கட்டி ஏமாந்தவன், அந்த ஜர்னல் வெப்சைட்டே இப்போ இல்ல. யுஜிசி கேர் லிஸ்ட்ல (யுஜிசி ஏத்துக்கற ஜர்னல்களோட பட்டியல்) இருக்கான்னு பார்த்து தப்பிச்சுக்கிட்டிருந்தோம், 2025 பிப்ரவரியில அந்த லிஸ்ட்டையும் எடுத்துட்டாங்க. அதனால எங்க துறையோட சங்கம் ஏஐஎஸ் வச்சிருக்கற பதினோரு ஜர்னல் பட்டியலை எடுத்து வச்சுக்கங்க, எம்ஐஎஸ் குவார்ட்டர்லி, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ரிசர்ச் எல்லாம் அதுல வரும். அங்க முதல்லயே போட முடியாது, ஒரு பேப்பருக்கு ரெண்டு மூணு வருஷம் இழுக்கும், பத்துக்கு ஒன்பது திரும்பி வரும்னே வச்சுக்கங்க. ஆனா அங்க வந்த பேப்பரை படிக்கறதுல ஏமாற ஒண்ணுமில்ல, மாசம் நாலு படிச்சா ஒரு வருஷத்துல எது நல்ல கேள்வின்னு மூக்குல வாசனை வந்துடும்.

வேலையை விடலாமான்னு நேரா கேட்டீங்க. இப்போ விடாதீங்க. ஒரு வருஷம் எடுத்துக்கங்க, நெட்டுக்கு படிங்க, வொய்ஃப்கிட்ட மாசக் கணக்கை உட்கார்ந்து எழுதுங்க, ஃபெல்லோஷிப் 37,000ல ஸ்கூல் ஃபீசும் வீட்டுக் கடனும் எப்படி போகும்னு. அவங்க சம்பளத்தை நம்பி நீங்க படிக்கப் போறீங்கன்னா அவங்க சரின்னு சொல்லணும், சரி பார்க்கலாம்னு சொல்றது சரி ஆகாது. அந்த ஒரு வருஷத்துல போற ஒவ்வொரு சைட்லயும் ராத்திரி ரூமுக்கு வந்து ஒரு பக்கம் எழுதுங்க, யார் என்ன சொன்னாங்க, எந்த ஸ்க்ரீனை தாண்டி எப்படி வேலை நடந்துச்சுன்னு, பேரு ஊரு போடாம. வருஷக் கடைசியில அந்த நோட்டை படிச்சா உங்களுக்கே தெரியும் இது ஆறு வருஷம் தாங்கற ஆர்வமா, இல்ல இந்த வேலை போரடிச்சதால வந்த ஆசையான்னு. ரெண்டாவதுன்னா வேற கம்பெனி மாறினாலே சரியாகிடும், அதுலயும் தப்பில்ல.

அப்புறம் ஒரு அவசர வேலை. அந்த ஸ்டோர் கீப்பர் இன்னும் அங்கதான் இருக்கார்னா இந்த வாரமே போய் ஒரு டீ வாங்கிக் குடுத்து, பழைய நோட்டெல்லாம் எங்க வச்சிருக்கார்னு கேளுங்க. ஆயுத பூஜைக்கு ஸ்டோரை கழுவறப்போ பழைய நோட்டு எல்லாத்தையும் எடைக்கு போட்டுடுவாங்க. போடாம உங்களுக்காக எடுத்து வைக்கச் சொல்லுங்க, ஓனர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.